இரு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே: தூரமும் நேரமும் ஒத்துவரவில்லை

கேள்வி:
வணக்கம். ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் அமைந்த இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையிலான வான்வழித் தூரத்தை, புவியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டு, இரு இடங்களின் அட்ச, தீர்க்கரேகைகளைக் கொண்டு கோளத்தின் மேல் தூரம் காணும் ஹாவர்சைன் சூத்திரத்தின்படி கணினியில் கணக்கிட்டேன். அட்சரேகைகளை 25.10, 21.40 என்று இட்டதில் 411 கி.மீ. வந்தது; இணையத்தில் தூரம் காட்டும் கருவியோ 389 கி.மீ. என்கிறது. எதை எடுத்து ஏடிஆர் 72 விமானத்தின் வேகமான மணிக்கு 510 கி.மீ.யால் வகுத்தாலும் 50 நிமிடத்தைத் தாண்டவில்லை. பயணச்சீட்டில் மட்டும் 1 மணி 15 நிமிடம் என்றிருக்கிறது. வயதான என் தாயார் அங்கே இறங்கி வேறு விமானத்துக்கு மாற வேண்டியிருப்பதால், எந்த எண்ணை நம்புவது என்று கவலையாக இருக்கிறது.

முதல் மறுமொழி:
சூத்திரத்தில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. நீங்கள் எடுத்த ஆவணத்தில் 25 பாகை (டிகிரி) 10 கலை (மினிட்), 21 பாகை 40 கலை என்று இருந்ததா?

கேட்டவர்:
ஆம், அப்படித்தான் இருந்தது. கலையைப் புள்ளிக்குப் பின்னால் எழுதிவிட்டேன்.

முதல் மறுமொழி தந்தவர்:
பிழை அங்கேதான். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் அவற்றை 25.167, 21.667 என்று இட வேண்டும். சூத்திரமே இல்லாமலும் சரிபார்க்கலாம்: அட்சரேகையில் ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ.; உங்கள் வித்தியாசமான 3 பாகை 30 கலை என்பது 210 கலை, ஆகவே சுமார் 389 கி.மீ. ஒரே தீர்க்கரேகையில் இருக்கும் இடங்களுக்கு இந்த எளிய வழியே போதும். கிழக்கு மேற்காக விலகியிருந்தால், துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் குவிவதால், இது பொருந்தாது.

இரண்டாம் மறுமொழி:
நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். மணிக்கு 510 கி.மீ. என்பது உயரத்தில் சீராகப் பறக்கும்போது காற்றைச் சார்ந்து விமானத்துக்கு உள்ள வேகம். மேலேறும்போது வேகம் அதைவிடக் குறைவு, இறங்கும் கட்டத்திலும் குறைத்தாக வேண்டும். குறுகிய பயணத்தில் இவ்விரண்டுமே பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. மணிக்கு 60 கி.மீ. எதிர்க்காற்று வீசினால், 46 நிமிடமாக வரும் உங்கள் கணக்கு 52 நிமிடமாகிவிடும். அதற்கும் மேலாக, பயணச்சீட்டில் உள்ளது பறக்கும் நேரம் அன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரையிலான நேரம். பல சிறிய நிலையங்களில் ஓடுபாதைக்கு இணையாகத் தனி வழி இல்லாததால், விமானம் ஓடுபாதையிலேயே கடைசிவரை சென்று திரும்பிய பிறகே புறப்பட முடியும், அந்த வேளையில் இறங்க வரும் இன்னொரு விமானம் வானில் காத்திருக்க நேரும். அட்டவணை போடுபவர்கள் இவற்றுக்கெல்லாம் இடம் விட்டே நேரம் குறிக்கிறார்கள்.

கேட்டவர்:
திருத்தியதும் 389 கி.மீ. வந்துவிட்டது, இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் தாயாருக்கு எதை வைத்துத் திட்டமிடுவது?

இரண்டாம் மறுமொழி தந்தவர்:
பயணச்சீட்டில் குறித்த வந்துசேரும் நேரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் குறிக்கப்படுவதால், இரு ஊர்களின் கடிகாரமும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். இரண்டு விமானங்களையும் ஒரே முன்பதிவில் எடுப்பது நல்லது. தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது அவருக்காகக் காத்திருக்காது. பெட்டியை வாங்கி மீண்டும் ஒப்படைக்கவும் நேரம் தேவைப்படும். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
தனித்தனியாகத்தான் எடுக்க இருந்தேன். இன்றே ஒரே முன்பதிவாக மாற்றி, சக்கர நாற்காலியும் கேட்டுவிடுகிறேன்.