நூறு ஜி.பி. காலியாக இருந்தும் லினக்ஸ் நிறுவ முடியவில்லை

கேள்வி (மோல்மேன், பர்மா)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கோயிலில் நடக்கும் மாலைநேரத் தமிழ் வகுப்புக்கு ஒரே ஒரு மேசைக் கணினிதான் இருக்கிறது. அதிலுள்ள விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இந்தப் பழைய கணினியில் இல்லை. ஆகவே விண்டோஸை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவ எண்ணி, 500 ஜி.பி. வன்தட்டின் கடைசியில் இருக்கும் டி டிரைவைச் சுருக்கி 100 ஜி.பி. காலியிடம் உண்டாக்கினேன். மின்ட் நிறுவும்போது அந்த இடத்துக்கு நேரே ‘அன்யூசபிள்’ (பயன்படுத்த முடியாதது) என்று வருகிறது. விண்டோஸிலேயே அங்கு பார்ட்டிஷன் (வன்தட்டின் தனிப் பகுதி) உருவாக்க முயன்றால், வன்தட்டு ‘டைனமிக் டிஸ்க்’ ஆக மாற்றப்படும் என்று எச்சரிக்கிறது. அச்சத்தில் நிறுத்திவிட்டேன். டி டிரைவில் பல ஆண்டுப் பாடங்களும் பிள்ளைகளின் விழாப் படங்களும் இருக்கின்றன. அவற்றை இழக்காமல் மேலே செல்ல வழி உண்டா?

மறுமொழி (ரங்கூன்)

வணக்கம் ஐயா. அந்த எச்சரிக்கையை ஏற்காமல் நிறுத்தியது மிக நல்ல காரியம். விண்டோஸுக்கே உரிய டைனமிக் டிஸ்க் அமைப்புக்கு மாற்றிவிட்டால் அதில் லினக்ஸ் நிறுவுவது பெரும் சிக்கலாகிவிடும்.

உங்கள் வன்தட்டு எம்.பி.ஆர். (மாஸ்டர் பூட் ரெகார்டு) என்னும் பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. 1983இல் பிசி டாஸ் 2.0 இயங்குதளத்துடன் வந்த அந்த முறையில், வன்தட்டின் முதல் 512 பைட்டுக்குள் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 பைட் மட்டுமே ஒதுக்கினார்கள். ஒரு பார்ட்டிஷனைக் குறிக்க 16 பைட் வேண்டும் என்பதால் நான்குக்கு மேல் எழுத இடமில்லை. சிஸ்டம் ரிசர்வ்டு, சி, ரெகவரி, டி என்று நான்கும் பிரைமரியாக (அட்டவணையில் நேரடியாக எழுதப்படும் பார்ட்டிஷனாக) நிரம்பியிருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் இடம் இருக்கிறது, ஆனால் பட்டாவில் எழுத வரி இல்லை என்பது போன்ற நிலை இது.

128 பார்ட்டிஷன் வரை இடம் தரும் ஜி.பி.டி. என்னும் புதிய முறைக்கு மாற்றலாமே என்று தோன்றும். விண்டோஸ் 10இல் உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவி மூன்று பிரைமரிக்கு மேல் இருந்தால் மாற்ற மறுக்கும். மாற்றிய பிறகு கணினி, பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யூ.இ.எஃப்.ஐ. என்னும் தொடக்க முறையில் தொடங்கவும் வேண்டும். உங்கள் கணினிக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. டி டிரைவை வெளி வன்தட்டில் நகலெடுத்து, நகலிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகு, டியை அழித்துவிட்டு அந்த முழு இடத்தையும் ஒரே ‘எக்ஸ்டெண்டட்’ (உள்ளே மேலும் பிரிக்கக்கூடிய) பார்ட்டிஷனாக ஆக்குங்கள். அதற்குள் டியையும் லினக்ஸையும் ‘லாஜிக்கல்’ பார்ட்டிஷன்களாக எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். லினக்ஸ் லாஜிக்கல் பார்ட்டிஷனிலிருந்தும் தடையின்றித் தொடங்கும்.

டி டிரைவில் உள்ள பர்மிய ஆவணங்கள், யூனிகோடு தரத்துக்கு ஒத்துவராத பழைய ஸௌஜி எழுத்துருவில் இருந்தால் அந்த எழுத்துருவையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மின்டில் அது இராது.

மறுமொழி (பெகு)

மேலே சொன்ன வழி சரியே. மின்வெட்டைப் பற்றி மட்டும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஒரு பார்ட்டிஷனின் இடப்பக்க எல்லையை நகர்த்தினேன். எல்லையை அந்தப் பக்கம் நகர்த்தினால் உள்ளிருக்கும் தரவு முழுவதையும் இடம் பெயர்த்து எழுதியாக வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். பாதியில் மின்சாரம் போனது, என் தந்தையாரின் கணக்குகள் முழுவதும் போயின. நகல் வைத்திருக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. அழித்துப் புதிதாக உருவாக்குவது சில நொடி வேலைதான். ஆனாலும் இன்வெர்ட்டர் பேட்டரி நிறைந்திருக்கும்போதே தொடங்குங்கள்.

இன்னொன்று: கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில், மின்ட் உள்ள ஒரே பென்டிரைவ் ‘யூ.இ.எஃப்.ஐ.’ என்ற முன்னொட்டுடன் ஒரு முறையும், அது இல்லாமல் ஒரு முறையும் தோன்றலாம். உங்கள் விண்டோஸ் பழைய பயாஸ் முறையில் இயங்குவதால், முன்னொட்டு இல்லாததையே தேர்ந்தெடுங்கள். பூட்லோடரை (இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் நிரலை) பென்டிரைவில் அல்லாமல் வன்தட்டிலேயே நிறுவச் சொல்லுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கும் பிரைமரியாகவே இருந்தன. நகலெடுக்க ஓர் இரவு முழுவதும் ஆனது. மற்றவை விடியலில் முடிந்தன. 60 ஜி.பி.யில் மின்ட் நன்றாக ஓடுகிறது. ஆனால் மின்டிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டுமே முடிகிறது, எதையும் சேமிக்க முடியவில்லை.

மறுமொழி (ரங்கூன்)

விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்குகிறது, ஐயா. அது இருக்கும்வரை கணினியை நிறுத்தினாலும் விண்டோஸ் முழுமையாக நிற்காமல் உறக்க நிலையில் டிரைவைப் பிடித்து வைத்திருக்கும். கோப்புகள் கெட்டுவிடக் கூடாதென்று லினக்ஸ் எழுதாமல் ஒதுங்குகிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று அதை நீக்கிவிட்டு, விண்டோஸை ஒருமுறை முழுமையாக நிறுத்திய பின் மின்டைத் தொடங்குங்கள்.