ஆங்கில வகுப்பில் பிள்ளைகளைப் பேச வைப்பது எப்படி?

கேள்வி (காரைக்குடி ஆசிரியை):
தமிழ் வழியில் பயிலும் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் கேள்வி கேட்டவுடன் தலை குனிந்துகொள்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1:
கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள், அம்மா? ஆசிரியர் 3 விநாடியாவது பொறுத்தால் விடைகள் நீளமாகின்றன என்று 1970களிலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தம் ஆய்வில் காட்டினார்.

பதில் 2:
தரையில் பதிக்கும் பூ வேலைப்பாடுள்ள ஆத்தங்குடிக் கல் ஒன்றின் படத்தை ஒரு மாணவியிடம் மட்டும் கொடுத்து, அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, படத்தைப் பார்க்காத தோழி பூவையும் கரையையும் தாளில் வரையட்டும். ஒருத்திக்குத் தெரிந்தது மற்றவளுக்குத் தெரியாதபோதுதான் பேச வேண்டிய தேவையே பிறக்கிறது. நடுவில் குறுக்கிட்டுப் பிழை திருத்த வேண்டாம். அது பேச வந்த வாயை அடைத்துவிடும். குறித்துவைத்து, இறுதியில் பொதுவாகச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி அந்தக் கல்லைச் செய்யும் முறையையும் பிள்ளைகளை வரிசையாக விவரிக்கச் சொல்கிறேன்.