கோப்பு காணவில்லையாம், அடுத்து என்ன செய்வது?

கடலூருக்குப் பக்கத்து கிராமம். 2024 நவம்பர் கடைசியில் வந்த பெஞ்சல் புயல் வெள்ளத்தில் எங்கள் தெருமுனைச் சிறுபாலம் ஒரு பக்கம் உள்வாங்கிவிட்டது. பக்கத்திலேயே "பணி முடிந்தது" என்று மஞ்சள் பலகை, தொகையோடு. பாலத்தில் இன்னும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. இரவில் வண்டி தெரியாமல் இறங்கிவிடக் கூடாது என்று நாங்களே ஒரு வேப்பங்கிளையை நட்டு வைத்திருக்கிறோம்.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் இரண்டு முறை மனு கொடுத்தேன், முதல்வரின் உதவி எண் 1100-லும் சொன்னேன். ஒப்புகைச் சீட்டுதான் மிச்சம்.

அப்புறம் 2025 ஜூன் 9 அன்று, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் பதிவுத் தபால் அனுப்பினேன். கேட்டது மூன்றுதான்: மதிப்பீடு, அளவுப் புத்தக (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) நகல், பில் கொடுத்த தேதி. முப்பது நாளில் வர வேண்டிய பதில் ஜூலை 18-ல் வந்தது, ஒரே வரி: "கோப்பு கண்டறிய இயலவில்லை." பணம் மட்டும் எந்தக் கோப்பைப் பார்த்துக் கொடுத்தார்களோ!

ஜூலை 25-ல் முதல் மேல்முறையீடு. 45 நாளும் செப்டம்பர் 8-ல் முடிந்தது, பதிலே இல்லை. இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள், அதாவது டிசம்பர் 7 வரை என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

அதே சட்டத்தின் பிரிவு 2(ஜே) பணியை நேரில் ஆய்வு செய்யவும் உரிமை தருகிறது. அதை மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீட்டிலேயே சேர்த்துக் கேட்கலாமா, இல்லை புதிதாகத் தனி மனு போட வேண்டுமா? போட்டு அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.