பாட்டியின் தாலாட்டை வோகோடரில் போட்டது தவறா?

நான்காம் தலைமுறை (ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

சித்திரைப் புத்தாண்டன்று எங்கள் கோவில் மண்டபத்தில் மூன்று நிமிட ஒலித்துண்டு ஒன்றைப் போட்டேன். அன்றிலிருந்து பெரியத்தை என்னோடு பேசுவதில்லை. தமிழும் ஒலியும் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் வழக்கை இங்கேயே வைக்கிறேன்.

1986இல் தாத்தா ஒரு கேசட்டில் பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய்து வைத்திருந்தார். பாட்டி கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கேசட் முழுக்க இரைச்சல். இடையில் ஒரு சேவல் கூவும், யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்கும். அதைக் கணினியில் ஏற்றி, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் உள்ள வோகோடரில் (ஒரு குரலின் அசைவை இன்னொரு ஒலியின் மேல் பதிக்கும் கருவி) போட்டேன். பாட்டியின் குரல் இடப்பக்கம், சிந்தசைசரில் நீளமாகப் பிடித்த ஒரு சுரக்கூட்டு வலப்பக்கம். இரண்டையும் ஒரே ஸ்டீரியோ தடமாக இணைத்து இயக்கினேன். சுரக்கூட்டே வாய் திறந்து தாலாட்டுச் சொல்வது போல வந்தது.

மண்டபத்தில் முப்பது பிள்ளைகளாவது இருந்திருப்பார்கள். வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு என்று வளர்கிற பிள்ளைகள். அத்தனை பேரும் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நிகழ்ச்சி முடிந்தபிறகு அந்தச் சொற்களை அதே இயந்திரக் குரலில் சொல்லிக்கொண்டே வெளியே ஓடினார்கள். பழைய கேசட்டை அப்படியே போட்டிருந்தால் ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்த்திருக்காது. பெரியத்தை மட்டும் எழுந்து போய்விட்டார். "என் அம்மாவை எங்கேடா வைத்தாய்?" என்று வாசலில் கேட்டார். நான் செய்தது சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். தவறென்றால் காரணத்தோடு சொல்லுங்கள்.

மோக்கா ஆசிரியை

தம்பி, உங்கள் அத்தை கேட்டது சரியான கேள்வி. கோபமாகச் சொல்லவில்லை, காரணத்தோடுதான் சொல்கிறேன்.

வோகோடர் எதற்காகப் பிறந்தது? 1930களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி அதை உருவாக்கியபோது இசை அவர் மனத்தில் இல்லை. தொலைபேசிக் கம்பியில் பேச்சைக் குறைந்த இடத்தில் அனுப்ப வேண்டும். ஆகவே புரிவதற்குத் தேவையானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். 1943இல் அதே முறையைப் போர்க்கால இரகசியத் தொலைபேசியில் பயன்படுத்தினார்கள். தளபதியின் கட்டளை புரிந்தால் போதும், அவர் குரல் வேண்டியதில்லை. தாலாட்டில் அந்தக் கழிவுதானே எல்லாம்! சொல் புரியாத குழந்தைக்குத்தான் தாலாட்டே பாடுகிறோம். அதற்குப் போய்ச் சேர்வது தாயின் குரல் ஒன்றுதான்.

இன்னொன்று. என் வகுப்பில் ஒரு சிறுமி உங்கள் துண்டைக் கேட்டவள். திங்கட்கிழமை வந்து பாடிக் காட்டினாள். "குலந்தை" என்றாள். பாட்டி "குழந்தை" என்று பாடியிருப்பார் என்று சத்தியம் செய்வேன். இந்தத் தீவில் மொழியின் பெயரிலேயே ழகரம் போய்விட்டது. பிரெஞ்சில் "தமூல்", அதையே நாமும் சொல்லிப் பழகிவிட்டோம். ழகரத்தைச் சரியாக ஒலித்த தலைமுறையின் பதிவு கையில் இருக்கும்போது, அந்த ஓர் எழுத்தையும் இயந்திரத்தில் அரைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா?

கத்ர்போர்ன் அக்கா

எனக்கும் இந்த இயந்திரக் குரல் பிடிக்காது. இப்போது பாடுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள், சுருதி சேராதவர்கூடப் பாடகர் ஆகிவிடுகிறார்.

க்யூர்பிப் ஒலிக்கூடம்

அக்கா, நீங்கள் சொல்வது ஆட்டோட்யூன். அது வேறு. பாடகரின் சொந்தக் குரலையே வைத்துக்கொண்டு சுருதியை மட்டும் நகர்த்தும். 1997இல் வந்தது. 1998இல் அமெரிக்கப் பாடகி செர் பாடிய பாட்டில் அது உலகப் புகழ் பெற்றபோது, தயாரித்தவர்கள் இரகசியத்தைக் காக்க வோகோடர் என்றே பத்திரிகையில் சொன்னார்கள். குழப்பம் அன்றே தொடங்கிவிட்டது.

வோகோடர் குரலைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு பட்டையிலும் எந்தக் கணத்தில் எவ்வளவு பலம் என்று அளக்கும். அந்த அளவுகளை மட்டும் எடுத்து இன்னொரு ஒலியின் மேல் பதிக்கும். அதாவது, தொண்டை இன்னொன்றுடையது. வாய் மட்டும் பாட்டியுடையது.

டீச்சர் சொன்ன ழகரத்துக்கு வருகிறேன். அது உணர்ச்சிப் பேச்சு அல்ல, அளந்து பார்க்கக்கூடிய விஷயம். ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவதில் பெரும்பங்கு குரலின் மூன்றாவது ஒத்ததிர்வுக்கு (வாயின் வடிவத்தால் பலம் கூடும் அதிர்வெண்) உண்டு. நாக்கு மடங்கும்போது அது கீழே இறங்கும்; ஏறக்குறைய 2000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் நடக்கிற நுட்பமான அசைவு. ஆடாசிட்டி வோகோடர் தானாகக் கொடுப்பது 40 பட்டைகள். நாம் கேட்கும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறத்தாழ பத்து ஸ்தாயிகள் (அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வோர் இடைவெளியும் ஒரு ஸ்தாயி). ஆக, ஒரு ஸ்தாயிக்கு நான்கே பட்டை. 2000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பட்டையின் அகலம் ஏறத்தாழ 350 ஹெர்ட்ஸ். ழகரம் அதற்குள் விழுந்து காணாமல் போகும்.

120 என்று வையுங்கள். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு, நம் பன்னிரண்டு சுரத்தானங்களைப் போல. பிறகு வாழை, வாளை, வாலை என்ற மூன்று சொற்களை நீங்களே பேசிப் பதிவு செய்து, 40இலும் 120இலும் போட்டுக் கேளுங்கள். சுமக்கும் ஒலியை, அதாவது உங்கள் சுரக்கூட்டை, ஒரு ஸ்தாயி கீழே இறக்குங்கள். உச்சத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டில் அதிர்வெண் இழைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். நடுவில் வரும் பட்டைக்குச் செதுக்க ஒன்றும் இருக்காது.

நான்காம் தலைமுறை

நேற்றிரவு முழுக்க இதுதான் வேலை. 40இல் வாழையும் வாளையும் எனக்கே ஒன்றாகத்தான் கேட்டன. 120இல், சுரக்கூட்டையும் இறக்கியபின், வாழை தனியாகப் பிரிந்து வந்தது. டீச்சர், இந்த ஒன்றில் தவறு என்னுடையது. எண்ணை மாற்றாமல் விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சிறுமி என் துண்டைக் கேட்பதற்கு முன்பு "குழந்தை" என்று சரியாகச் சொன்னாளா? "குலந்தை" என்றாவது சொல்ல அவளுக்கு ஓர் ஆசை பிறந்திருக்கிறது. நீங்கள் திருத்துவதற்கு ஒரு சொல் கிடைத்திருக்கிறது.

மோக்கா ஆசிரியை

அவள் முன்பும் அப்படித்தான் சொல்வாள். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்பு அவளுக்கு அது பிழை என்று சொன்னால் ஏற்றுக்கொள்வாள். இப்போது, "பாட்டியே அப்படித்தான் பாடினார், நான் கேட்டேன்" என்கிறாள். பிழைக்குச் சாட்சி கிடைத்துவிட்டது, தம்பி.

ரவான் கைகள் (மாஹேபூர்)

நான் சேகா என்ற இந்தத் தீவின் நாட்டார் இசைக் குழுவில் ரவான் என்ற தோல்பறை வாசிப்பவன், வீட்டில் தமிழ். இந்தத் திரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பிரச்சினை வோகோடரில் இல்லை, நீங்கள் எடுத்த சுரக்கூட்டில் இருக்கிறது. எந்த ஊர் என்றே தெரியாத சிந்தசைசர் ஒலியைப் பாட்டிக்குத் தொண்டையாகக் கொடுத்தால் அத்தை எப்படி அடையாளம் காண்பார்? நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ரவானை நெருப்பில் காட்டி ஆட்டுத்தோல் இறுகியதும் பதிவு செய்தேன். அதை வலப்பக்கம் வைத்து, என் அம்மா பேசியதை இடப்பக்கம் வைத்தேன். அடி விழுகிற இடத்தில் மட்டும் சொல் தெறிக்கிறது, அடிக்கு அடி நடுவில் வாய் மூடிக்கொள்கிறது. ஒலி இல்லாத இடத்தில் வோகோடருக்கு வேலை இல்லை என்று அன்றுதான் உறைத்தது.

அதன்பிறகு மரவானைச் சேர்த்தேன். தெரியாதவர்களுக்கு: கரும்புப் பூத்தண்டுகளை அடுக்கிப் பெட்டியாகக் கட்டி உள்ளே விதை போட்டிருக்கும், ஆட்டினால் இடைவிடாத சலசலப்பு. சகரத்துக்கும் அழுத்திச் சொல்லும் றகரத்துக்கும் தேவையான மேல் அதிர்வு முழுக்க அதில் இருக்கிறது. வோகோடரிலேயே வெள்ளை இரைச்சல் சேர்க்க ஓர் அளவுகோல் உண்டு, அதைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. பாட்டி எந்தக் கரும்புக் காட்டில் நின்றாரோ அதே தண்டின் சலசலப்பில் அவர் சொல் வருகிறது. இதைப் பெரியத்தைக்குப் போட்டுக் காட்டுங்கள்.

க்யூர்பிப் ஒலிக்கூடம்

அண்ணா, மரவான் யோசனை அருமை. இரண்டு எச்சரிக்கை மட்டும்.

முதலில், கேசட் இரைச்சலை வோகோடருக்கு முன்பே குறைக்க வேண்டும். பாட்டி பாடாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த இரைச்சலின் மாதிரியை எடுத்து, பிறகு முழுப் பதிவிலும் குறைக்கலாம். இல்லையென்றால் கேசட்டின் இரைச்சல் மேல் பட்டைகளை எப்போதும் திறந்தே வைத்திருக்கும், மரவான் ஓயாமல் ஒழுகிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது சிக்கல் பெரியது. தாலாட்டு முழுவதும் ரகரம். "ஆராரோ" என்பதில் நாக்கு நுனி ஒரு கணம் தட்டிவிட்டு விலகுகிறது, சில பத்து மில்லிநொடிகள்தான். பட்டை குறுகக் குறுக வடிகட்டி மெதுவாகிறது, அந்தத் தட்டலைப் பூசி மெழுகிவிடுகிறது. பட்டை கூட்டினால் ழகரம் தெளியும், ரகரம் கரையும். குறைத்தால் ரகரம் பிழைக்கும், ழகரம் போகும். "தூரம்" என்றொரு அளவு இருக்கிறதே, தானாக 20 இருக்கும், அதைக் கீழே கொண்டுவந்தால் ரகரம் கொஞ்சம் மீளும். மிகவும் இறக்கினால் ஒலி கரகரத்துவிடும். எனக்கு 120 பட்டையும் 8 தூரமும் ஒத்துவந்தன. அதிலும் ரகரம் பாதிதான்.

ஆகவே என் கட்சி டீச்சர் கட்சி. இரண்டு எழுத்தில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்கிற கருவியிடம், மூலத்தைப் பக்கத்தில் வைக்காமல், ஒரு தலைமுறையின் உச்சரிப்பை ஒப்படைக்கக் கூடாது.

நான்காம் தலைமுறை

ஐயா, கேசட்டின் அசலை நான் அழிக்கவில்லை, தொடவுமில்லை. ஆனால் அதை மண்டபத்தில் போடவில்லை என்பது உண்மை. போட வெட்கப்பட்டேன். இரைச்சலும் சேவலும் பாத்திரச் சத்தமும் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பயந்தேன்.

ரவான் அண்ணா சொன்னபடி மரவானோடு செய்து, இன்று பெரியத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். கேட்டார். "இது நல்லா இருக்கிறது" என்றார். பிறகு, "அம்மா குரலைப் போடு" என்றார். கேசட் பதிவைப் போட்டேன். சேவல் கூவியதும் அத்தை நிமிர்ந்தார். அந்தச் சேவல் அவருடையதாம். அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தாராம். பாத்திரம் வைத்தது தானே என்றும் சொன்னார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. வோகோடரில் சேவலும் பாத்திரமும் சுரமாகிவிட்டன, நான் கவனிக்கவே இல்லை.

இருந்தாலும் நான் முழுதாக விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. பக்கத்து வீட்டுப் பையன் மரவான் துண்டைக் கேட்டுவிட்டு, "இவர் என்ன சொல்கிறார்?" என்று பொருள் கேட்டான். இந்தத் தீவில் ஒரு பத்து வயதுப் பையன் தானாக வந்து ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் கேட்பது எவ்வளவு பெரியது என்று டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மோக்கா ஆசிரியை

வேண்டியதில்லை. அதனால்தான் இத்தனை நாள் இந்தத் திரியில் நிற்கிறேன்.

கோவிலில் அடுத்த முறை போடும்போது கேசட்டை முதலில் போடுங்கள், சேவலோடு. இயந்திரத் துண்டு பின்னால் வரட்டும். இந்த வரிசையை மாற்றினால் மீண்டும் எதிர்ப்பேன். வகுப்புக்கு எனக்கு அசல் பதிவு மட்டும் வேண்டும், இரைச்சலைக் குறைக்காமல். திங்கட்கிழமை அந்தச் சிறுமிக்கு "குழந்தை" வருகிற இடத்தைப் போட்டுக் காட்ட வேண்டும்.

நான்காம் தலைமுறை

இன்றிரவே அனுப்புகிறேன், டீச்சர். இரண்டாவது நிமிடம் பதினோராவது நொடியில் வருகிறது. சேவலுக்கு அடுத்தாற்போல.