மன்னவனூர் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

பாப்பா, இரவு 7:12: அண்ணா, நம்ம ஊர்ல டவர் விட்டு விட்டுத்தான் வருது. ஹாஸ்டல் வைஃபைல இறக்கி வச்ச கேட் (GATE, இன்ஜினியரிங் மேல்படிப்பு நுழைவுத் தேர்வு) எக்ஸாம் கிளாஸ் ஒண்ணுமே ஓட மாட்டேங்குது. "உரிமம் முடிந்தது, இணையத்தில் இணையவும்"னு வருது. ஆப்பை அழிச்சிட்டுத் திரும்பப் போடட்டுமா?

அண்ணன், 7:13: ஐயோ, அழிச்சிடாத!! டேட்டாவையும் கிளியர் பண்ணாத. இரு வர்றேன்

சித்தி, 7:15: போன்லதான இருக்கு தம்பி, அதுக்கு எதுக்கு நெட்டு? முழுப் பணமும் கட்டியாச்சே

மாமா, 7:19: மாப்ள, அவ கொடைக்கானல் வந்தப்ப நான் அதைப் பென்டிரைவ்ல ஏத்தி டிவில போட்டுப் பார்த்தேன். எல்லாம் எக்ஸோனு முடியுற ஃபைலு. சாதா வீடியோ மாதிரி எம்பி4னு பேரை மாத்தினேன், ம்ஹூம். வீடியோ ஓட்டுற விஎல்சி ஆப்பும் கைவிரிச்சிடுச்சு

அண்ணன், 7:26: பேரை மாத்தி பிரயோஜனம் இல்ல மாமா. வீடியோவைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொண்ணையும் பூட்டி வச்சிருக்காங்க. சாவி அந்த ஃபைலுக்குள்ள கிடையாது. ஆண்ட்ராய்டு போன்ல வைட்வைன்னு கூகுளோட ஏற்பாடு ஒண்ணு இருக்கு, சாவி அதுகிட்ட. ஐபோன்னா ஆப்பிளோட ஃபேர்ப்ளே. சாவிக்குக் கெடு தேதி உண்டு, அந்த போனை விட்டு வெளியவும் வராது. அதனாலதான் டிவி, லேப்டாப் எதுலயும் ஓடல.

அண்ணன், 7:27: ஆப்பை அழிச்சா சாவியும் சேர்ந்து போயிடும். போனை ரீசெட் பண்ணாலும் அதே கதிதான்.

சித்தி, 7:31: அப்ப நாம காசு குடுத்து வாங்குனது என்னப்பா?

அண்ணன், 7:38: இந்த போன்ல, இத்தனை நாள் பார்த்துக்கலாம்ங்கிற அனுமதி, அவ்வளவுதான் சித்தி. அதைப் பணம் வாங்கும்போதே பளிச்சுனு சொல்லியிருக்கணும். "டவுன்லோடு வசதி உண்டு"னு மட்டும் போட்டா யாருக்குப் புரியும்? டவர் இல்லாத ஊர்ப் பிள்ளைங்கதான் டவுன்லோடை நம்பிப் பணம் கட்டுது, அதுங்களுக்குத்தான் முதல்ல நின்னு போகுது. எனக்கு வயிறு எரியுது.

2019-ல மைக்ரோசாஃப்ட் மின்னூல் கடையை மூடினப்ப, ஜனங்க வாங்கி வச்சிருந்த புத்தகமே திறக்காம போச்சு. அவங்களாவது பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க.

மாமா, 7:41: பஜார்ல ஒரு பையன் பூட்டை எடுத்துத் தர்ற ஆப் இருக்குங்கிறானே

அண்ணன், 7:44: வேண்டவே வேண்டாம் மாமா. பதிப்புரிமைச் சட்டத்துல 2012-ல 65ஏனு ஒரு பிரிவு சேர்த்தாங்க. உரிமையை மீறுற எண்ணத்தோட பூட்டை உடைச்சா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு. அந்த மாதிரி ஆப் போன்ல இருக்கிற பேங்க் விவரத்தையும் உருவிடலாம்.

பாப்பா, 7:46: திங்கட்கிழமை மாடல் டெஸ்ட் இருக்குண்ணா 😞

அண்ணன், 7:50: பயப்படாத. உரிமத்தைப் புதுப்பிக்க ரொம்பக் கொஞ்சம் டேட்டா போதும். வீடியோ ஓடுற அளவுக்கு டவர் வேண்டாம், மெசேஜ் போற அளவு இருந்தாலே வேலை ஆகும். வீட்டுல டவர் நிக்காது, அதனால காலையில பஸ் ஸ்டாப் மேட்டுக்குப் போ. முதல்ல போன்ல தேதி, நேரம் சரியா இருக்கானு பாரு, அது தப்பா இருந்தாலும் உரிமம் கிடைக்காம போகலாம். அப்புறம் ஆப்பைத் திறந்து, டவுன்லோடு பக்கத்துல ஒவ்வொண்ணா "புதுப்பி"யைத் தொடு.

சித்தி, 7:52: நான் கூடப் போறேன். காலையில பனி மூடிக் கிடக்கும், தனியா விடமாட்டேன்

பாப்பா, காலை 8:05: அண்ணா!! கணக்கும் நெட்வொர்க்ஸும் திறந்துடுச்சு 🙏 டேட்டாபேஸ் மட்டும் "மீண்டும் பதிவிறக்கவும்"னு சொல்லுது

அண்ணன், 8:09: அதுக்குக் கொடைக்கானல்தான் வரணும். மாமா கடை வைஃபைல போட்டுக்கோ. அப்படியே மெமரி கார்டு ஒண்ணு எடுத்துட்டு வா. என்பிடெல்னு ஒரு ஆன்லைன் பாடத் தளம் இருக்கு, அதுல ஐஐடி வாத்தியாருங்க நடத்தின டேட்டாபேஸ் பாடம் இருக்கு. இலவசம், இறக்கினா சாதா எம்பி4 தான், பூட்டு கிடையாது. டிவிலயே போட்டுப் படிக்கலாம்.

மாமா, 8:11: ராத்திரி கடை சாத்தினப்புறம் நானே இறக்கி வச்சிடுறேன். லிங்க் அனுப்பு மாப்ள

சித்தி, 8:14: தம்பி, அந்த கோச்சிங்காரங்களுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுப்பா. பரீட்சை முடியுற வரைக்கும் கெடுவை நீட்டித் தரச் சொல்லிக் கேப்போம்

அண்ணன், 8:15: எழுதிட்டே இருக்கேன் சித்தி. ரசீது நம்பரை மட்டும் போட்டோ எடுத்து எனக்குத் தனியா அனுப்புங்க, குரூப்ல போடாதீங்க