‘தேரா மன்னா’வைக் கத்தித்தான் சொல்ல வேண்டுமா?

கூடல்வாசி: போன வாரம் ஒரு பள்ளியில் தனிநடிப்புப் போட்டி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைச் செய்தாள். ‘தேரா மன்னா செப்புவது உடையேன்’ என்பதைத் தாழ்ந்த குரலில், இமைக்காமல் சொன்னாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. நடுவரோ ‘ஆவேசம் போதாது’ என்று எழுதி 20க்கு 11 போட்டுவிட்டார். இது என்ன நியாயம்?

நாடகவாத்தியார்: நியாயம்தான். 22 வருடமாக நடுவராக உட்காருகிறேன். வாயிற்காவலனே ‘செற்றனள் போலும் செயிர்த்தனள் போலும்’ என்று அரசனிடம் போய்ச் சொல்கிறான். கோபம் மூலத்திலேயே இருக்கிறது. குரலில் வர வேண்டாமா?

கூடல்வாசி: கோபம் என்றால் கத்தலா? அரசன் அவளை எப்படிக் கூப்பிடுகிறான்? ‘நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய்’. கண்ணீர் வழிய நிற்கிறாள் ஐயா.

நாடகவாத்தியார்: ஆராயாத அரசனே என்று முகத்துக்கு நேரே சொல்கிற இடம். முணுமுணுத்தால் மதிப்பெண் எப்படி வரும்?

கூடல்வாசி: முணுமுணுத்தாள் என்று யார் சொன்னது? கடைசி வரிசையில் இருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

வெண்பாப்பிரியை: எல்லாம் 1964இல் வந்த ‘பூம்புகார்’ படத்தால் வந்த வினை. நடுவர்கள் மனதில் அந்தக் கண்ணகிதான் இருக்கிறாள், இளங்கோவின் கண்ணகி இல்லை. போன வருடம் முதல் பரிசு வாங்கிய பையன் தொண்டை கிழியக் கத்தினான். ஆனால் அரசன் சிலம்பில் மாணிக்கம், கண்ணகி சிலம்பில் முத்து என்று மாற்றிச் சொன்னான். ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை.

நாடகவாத்தியார்: அதற்கு நடுவர் நான்தான். பதற்றத்தில் வந்த சின்னத் தவறு. உங்கள் மாணவி தோற்றதை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது.

வெண்பாப்பிரியை: சின்னத் தவறா? ‘என் காற்பொற் சிலம்பு மணியுடை அரியே’ என்கிற அந்த ஒரு சொல்லை வைத்துத்தானே கோவலன் கள்வன் இல்லை என்று ஆகிறது! என் மாணவி ஓர் எழுத்து பிசகவில்லை. அதை மறக்கவும் மாட்டேன்.

கூடல்வாசி: விஷயத்துக்கு வாருங்கள். முதல் அடியிலேயே கத்திவிட்டால், சிலம்பை உடைக்கும்போது குரல் எங்கே ஏறும்? அந்தப் பிள்ளை அங்கேதான் ஏற்றினாள். மணி தெறித்த திசையை அவள் கண் தொடர்ந்து போனது. அதைப் பார்த்தாரா நடுவர்?

நாடகவாத்தியார்: கண்ணுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. ‘தேரா மன்னா’வில் அரங்கம் அதிர வேண்டும். என் குருநாதர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

கூடல்வாசி: குருநாதரை விடுங்கள். கேட்கவில்லை என்று குறைத்தாரா, கத்தவில்லை என்று குறைத்தாரா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நாடகவாத்தியார்: முதலில் மைக் இருந்ததா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.