ஆஸ்திரேலியா கண்டம், ராமேஸ்வரம் தீவு: எப்படிப் பிரிக்கிறார்கள்?

மண்டபம் மலர்:
என் மகள் ஏழாம் வகுப்பு. நேற்று ராத்திரி வீட்டுப்பாடத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஆஸ்திரேலியாவைச் சுற்றியும் கடல்தானேம்மா? அது ஏன் கண்டம், நம்ம ராமேஸ்வரம் ஏன் தீவு?" அது பெரிசு, இது சிறிசு என்றேன். "எவ்வளவு பெரிசா இருந்தா கண்டம்?" என்று அடுத்த கேள்வி. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

சாயல்குடி சேகர்:
தீவுகளில் பெரியது கிரீன்லாந்து, சுமார் 21.6 லட்சம் சதுர கி.மீ. கண்டங்களில் சிறியது ஆஸ்திரேலியா, சுமார் 77 லட்சம். இந்த இரண்டு அளவுக்கும் நடுவில் வேறு நிலமே கிடையாது. அதனால் எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் சண்டை வராது. உலகப் படத்தில் கிரீன்லாந்து பெரிதாகத் தெரியும், நம்ப வேண்டாம்.

பாம்பன் வள்ளக்காரன்:
அக்கா, பரப்பளவு பாதி பதில்தான். மீதி தண்ணிக்கு அடியில் இருக்கிறது.

சின்ன வயதில் அப்பாவோடு வடகடலுக்கு, அதாவது பாக் விரிகுடாவுக்கு, போவேன். ஈயக்குண்டு கட்டின கயிற்றை இறக்கி, இரண்டு கையையும் விரித்து விரித்துப் பாகம் எண்ணுவார். ஐந்தாறு பாகத்தில் தரை தட்டிவிடும். இழுத்தால் குண்டில் சேறு ஒட்டியிருக்கும். தனுஷ்கோடிக்குக் கிழக்கே தீடைகளின் (மணல்திட்டுகளின்) ஓரத்தில் இறங்கினால் முழங்கால் அளவுதான். நமக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் நடுவில் கிடப்பது ஆழ்கடல் இல்லை, தண்ணி மூடின தரை. சுமார் 20,000 வருடத்துக்கு முன்னால், பனியுகத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் கீழே கிடந்தது. அப்போது ராமேஸ்வரமும் தீவில்லை, இலங்கையும் தீவில்லை.

கண்டத்துக்கு அடியில் தடித்த, எடை குறைந்த பாறை, 35, 40 கிலோமீட்டர் கனத்துக்கு. ஆழ்கடல் தரையில் ஏழு கிலோமீட்டர்தான், அதுவும் கனமான எரிமலைப் பாறை. ஆஸ்திரேலியாவுக்கு அந்தத் தடித்த பாறை தனியாக, சொந்தமாக இருக்கிறது. கிரீன்லாந்து வட அமெரிக்காவின் பாறையிலும், இலங்கையும் ராமேஸ்வரமும் இந்தியாவின் பாறையிலும் உட்கார்ந்திருக்கின்றன. பாப்பாவிடம் உப்புக்கண்டத்தைக் காட்டிச் சொல்லுங்கள்: கண்டம் என்றாலே துண்டு. பூமியின் மேலோட்டில் அது ஒரு பெரிய துண்டு.

மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று புத்தகத்தில் இருக்கும். கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவு இப்போது தண்ணிக்குள்ளே. பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள், அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் மணல் கரைந்துபோனது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். பாப்பா பரீட்சையில் 21 என்றே எழுதட்டும், ஆனால் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

சாயல்குடி சேகர்:
பாறைக் கணக்கு என்றால் ஐரோப்பாவும் ஆசியாவும் ஒரே கண்டமாகத்தானே வரும்?

பாம்பன் வள்ளக்காரன்:
ஆமாம் அண்ணே. அங்கே கடலே குறுக்கே இல்லை, யூரல் மலையை வைத்துப் பிரிக்கிறார்கள். அது மனிதர்கள் போட்ட வழக்கம்.

மண்டபம் மலர்:
ரொம்ப நன்றி தம்பி. வாசித்துக் காட்டினேன். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், குண்டு போட்டால் எத்தனை பாகம் என்று கேட்கிறாள்.

பாம்பன் வள்ளக்காரன்:
தீவுகள் வரைக்கும் ஆழமில்லை. அதைத் தாண்டித் தெற்கே போகப் போக 1,000 மீட்டருக்கும் மேலே. எங்கள் கயிறு எட்டாது. இந்தியா என்கிற துண்டு நிஜமாக முடிகிற இடம் அதுதான் என்று சொல்லுங்கள்.